கை கொடுக்கிற ஞாயிறு

சர்ச்சிலிருந்து சபைக் கமிட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பை நிறையச் சாத்துக்குடியும் ஆப்பிளும் வாங்கி வந்தது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. யாரும் மாடிப்படியில் வழுக்கி விழவில்லை. என் தங்கை போலீஸில் புகார் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். எங்கள் சபையில் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போவதென்றால் ஒன்று நோய், இல்லை சாவு, இல்லையென்றால் சம்பந்தப் பேச்சு. பாலியல் புகாருக்கு என்ன வாங்கிக்கொண்டு போவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நோய்க்கு வாங்குவதையே வாங்கி வந்துவிட்டார்கள்.

பெயர் எதையும் எழுதப் போவதில்லை. பாதி சட்டத்துக்குப் பயந்து, பாதி என் அம்மாவுக்குப் பயந்து. எந்தச் சபை என்று ஆவடியில் தேடி அலையவும் வேண்டாம். எந்தச் சபைக்குள் போய் உட்கார்ந்தாலும் இதில் வருகிறவர்களைப் போல நாலு பேர் முன்வரிசையில் இருப்பார்கள்.

அப்பா படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அவர் ஓய்வு பெற்றபோது சேக்காட்டில் ஒரு வீடு கட்டினார், கட்டிய கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அந்த வீட்டில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். நான் கல்யாணமாகி முகப்பேரில் இருக்கிறேன். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். தங்கைக்கு முப்பது தாண்டிவிட்டது, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள், ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, சபையில் பாடுவது. பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசையில் அவள் ஒருத்தி நின்றால் மற்றவர்கள் சும்மா வாயசைத்தாலே போதும்.

அந்தப் பாடகர் குழுவை நடத்துகிறவரைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்போம். அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையைத் தூக்கினால் சபை மூச்சு இழுக்கும், இறக்கினால் விடும். வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் கண்ணை மூடினாரென்றால், பரலோகம் ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பாட்டுப் பயிற்சி முடிந்த ஒரு சாயங்காலம், அங்கிகளை மாட்டி வைக்கிற அறையில், அவர் என் தங்கையிடம் நடந்துகொண்ட விதத்தை நான் இங்கே எழுத மாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது. தோளைத் தட்டினார், கன்னத்தைக் கிள்ளினார், அதைப் போய்ப் பெரிதாக்குகிறாள் என்று சபையில் சுருக்கிச் சொல்லுவார்கள். சுருக்குகிற மாதிரியான விஷயம் அல்ல அது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நடந்து பல மாதம் கழித்துத்தான் அவள் வாயைத் திறந்தாள். முதலில் அம்மாவிடம், சமையலறையில். குக்கர் அடுப்பில் இருந்தது. அவள் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது விசில் வந்தது. அம்மா விசிலை எண்ணினாள், எண்ணி முடித்து, "சரி, விடும்மா. வெளிய சொல்லாத" என்றாள். குக்கரை இறக்கி வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா கெட்டவள் இல்லை. பெண்கள் ஐக்கியத்தில் இத்தனை வருஷம் டீ ஊற்றிக் கொடுத்து, எல்லோருக்கும் நல்லவளாக இருந்து பழகிவிட்டவள். ஒருத்தரைப் பகைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த 'விடும்மா' அதற்கப்புறம் எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. என் கணவர் சொன்னார், "விடும்மா, அவருக்கு இன்னும் எத்தனை நாளு." தங்கையின் சிநேகிதி சொன்னாள். நாங்கள் போன மகளிர் காவல் நிலையத்திலும் அதையேதான் சொன்னார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், அவர்களும் பாவம், நாற்காலி பற்றாக்குறையில் இருக்கிறார்கள்.

அங்கே வாசலில் இருந்த பெண் காவலர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, ஊட்டுக்காரர் பிரச்சினையா?" என்றார். இல்லை என்றோம். "அப்போ மாமியாரா?" அதுவும் இல்லை என்றதும் அவருக்கு எங்களை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பதென்று குழப்பமாகிவிட்டது. தங்கை விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் போன் வந்தது. மறுபடி ஆரம்பித்தாள். நகையைத் தொலைத்த ஒரு அம்மா அழுதுகொண்டே உள்ளே வந்தார். மறுபடி ஆரம்பித்தாள். "சுருக்கமா சொல்லும்மா, மெயின் மேட்டர் மட்டும்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். மெயின் மேட்டர் எது என்று அவரே தீர்மானித்து ஒரு ரசீது கொடுத்தார். மனு வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. வழக்கு இல்லை. "ரெண்டு பார்ட்டியையும் கூப்ட்டு வெச்சு பேசுவோம்மா. பெரிய மனுசனா கீறாரு, வயசானவரு."

பேச்சுக்குக் கூப்பிட்ட நாளில் மாஸ்டர் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். கிறிஸ்துமஸ் கீதம் பாட வீடு வீடாகப் போகிற அதே வேன், அதே கூட்டம், கையில் கிட்டார் மட்டும் இல்லை. ஒவ்வொருவராகப் போய், மாஸ்டர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று சாட்சி சொன்னார்கள். அங்கி அறையில் அன்றைக்கு அவர்களில் ஒருவரும் இல்லை, ஆனாலும் சொன்னார்கள். மாஸ்டர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நாற்காலி தட்டுப்பாடான அந்த ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி கிடைத்தது. என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கி என்ன செய்திருப்பேனென்று இப்போது சொல்வது நல்லதில்லை.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளை பூந்தமல்லி கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் அரசாங்கம் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது என்று எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். இலவசம் என்றதும் நான் ரேஷன் கடை மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா என்னைவிடச் சின்னவள். தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டு, ரசீதை வாங்கிப் பார்த்தாள், அது ஒரு பழைய நண்பர் என்பது மாதிரிச் சிரித்தாள்.

"இது கேஸ் இல்லங்க. இதுக்குப் பேரு காலம் தள்ளுறது" என்றாள்.

பிறகு தங்கையைப் பார்த்துப் பேசினாள், என்னைப் பார்த்தல்ல. அதை நான் கவனித்தேன், கொஞ்சம் வலித்தது. பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த மாதிரிக் குற்றம் என்று புகாரில் இருந்தால் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும், அதன் நகல் காசில்லாமல் கொடுக்க வேண்டும். பதிய மாட்டேன் என்றால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடமே போகலாம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் தனியாக ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

"ஏன் இத்தனை மாசம் கழிச்சு வந்தன்னு கேப்பாங்களே?" என்றாள் தங்கை.

"கேப்பாங்க. பயமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. பயந்ததுக்குச் சட்டத்துல தண்டனை கிடையாது."

"இவங்க பேசித் தீத்துக்கலாம்னு சொல்றாங்க."

"பேசித் தீத்துக்கிற வகை வழக்கு இல்ல இது. ரெண்டு பேரு சந்துல சண்டை போட்டுக்கிட்ட மாதிரி இல்லைங்க. நீங்களும் அவரும் கைகோத்துக்கிட்டு வந்து சமாதானமாயிட்டோம்னு சொன்னாக்கூட அது தானா முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒண்ணும் செய்ய வேணாம்னு நீங்க நினைச்சா, அதுவும் உங்க முடிவு. அதுக்காகவும் உங்களை நான் திட்ட மாட்டேன். உங்க அக்கா திட்டுவாங்கன்னு நினைக்கிறேன்."

கணக்கு டீச்சரை ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிட்டாள்.

பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்துகிற உதவி மையம் ஒன்றுக்கும் எழுதிக் கொடுத்தாள். தங்கை அங்கே ஒருநாள் போனாள். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டேன். "அழுதேன்" என்றாள். என்ன சொன்னார்கள் என்றேன். "பேசணும்னு தோணும்போது பேசலாம்னாங்க. தோணல. டீ குடுத்தாங்க, வந்துட்டேன்." அன்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று அம்மா போனில் சொன்னாள், ஏதோ டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

வக்கீலம்மா ஸ்டேஷனுக்குக் கூட வந்த பிறகு நாற்காலிகள் எங்கிருந்தோ வந்தன. வழக்குப் பதிவானது. பதிவான செய்தி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் சபைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மாஸ்டர் முன்ஜாமீன் வாங்கினார். புகார் கொடுத்தவளை நேரிலோ வேறு யார் மூலமாகவோ அணுகக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு கோர்ட் கொடுத்தது. ஜாமீன் கிடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருவர் அவருக்காக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாராம். கடவுளுக்கு நன்றி சொன்னவர்கள் நிபந்தனையைப் படித்தார்களா என்று தெரியவில்லை. பிறகு நடந்ததைப் பார்த்தால் படிக்கவில்லை.

இப்போதுதான் சாத்துக்குடி வந்தது.

ஆயர் வந்தார், செயலர் வந்தார், கூட இரண்டு மூத்தவர்கள், பெண்கள் ஐக்கியத்திலிருந்து அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர். செயலர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், எதையும் இயந்திரம் பழுது பார்ப்பது மாதிரி அணுகுவார். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து முடுக்கிவிட்டால் போதும் என்பது அவர் நம்பிக்கை.

"மக்களே, நடந்தது நடந்து போச்சு. அவருக்கு அன்னைக்கு சுகர் ஏறியிருக்கு. என்ன செய்தோம்னே அவருக்கு நினைவில்ல" என்றார்.

சுகர் ஏறினால் தாகம் எடுக்கும், தலை சுற்றும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்படி ஒரு அறிகுறி இருப்பது எந்த டாக்டருக்காவது தெரியுமா என்று நான் கேட்டேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

தங்கை, "ஐயா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா" என்று ஆரம்பித்தாள். ஆயர் கையை உயர்த்தி, "வேண்டாம்மா, அதையெல்லாம் சொல்லி நீ திரும்பக் கஷ்டப்பட வேண்டாம். விடும்மா" என்றார். அவள் கஷ்டப்பட்டுவிடுவாளே என்ற கவலை. தான் கேட்டுக் கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்திருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும்.

பிறகு திட்டத்தைச் சொன்னார்கள்.

எங்கள் ஆராதனையில், அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பீடத்திலிருந்து ஆயர் ஆரம்பிப்பார். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கைமேல் வைத்து, இடது கையால் மூடுவார். வாங்கியவர் அடுத்தவருக்கு. இப்படி வரிசை வரிசையாகக் கைமாறிக் கடைசி பெஞ்சு வரை போகும். பகையை மனசில் வைத்துக்கொண்டு யாரும் திருவிருந்துக்குப் போகக் கூடாது என்பது அதன் அர்த்தம். நல்ல வழக்கம்தான். கொரோனா வந்ததிலிருந்து கையைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுக்கொள்வது என்றாகிவிட்டது. அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்ததால் கொரோனா போன பிறகும் கும்பிடு போகவில்லை.

இந்த மாதத் திருவிருந்து ஞாயிறன்று மட்டும் பழைய முறைப்படி கை கொடுப்பதைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம். மாஸ்டர் பாடகர் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, எல்லோர் முன்னிலையிலும் என் தங்கைக்குச் சமாதானம் கொடுப்பாராம். அவள் வாங்கிக்கொண்டால் ஒப்புரவாகிவிட்டது என்று அறிவிப்பார்கள். அதன் பிறகு கோர்ட்டில் சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கும் நல்லது, அடுத்த வாரத்திலிருந்து மறுபடி ஆல்டோ வரிசையில் நிற்கலாம், கிறிஸ்துமஸுக்கு ஒருவர் தனியாகப் பாடுகிற பகுதியை அவளே பாடலாம்.

இதில் இன்னொரு விசேஷம். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். சமாதானம் ஆண்களிடமிருந்து ஆண்களுக்கு, பெண்களிடமிருந்து பெண்களுக்குத்தான் போகும். கட்டிய புருஷன் பெண்டாட்டிக்கே அங்கே கை கொடுத்ததில்லை. அந்நிய ஆண் கை பட்டால் பெண்ணுக்கு மரியாதை இல்லை என்று வரிசை பிரித்து வைத்தவர்கள், கை வைத்தவன் கையையே பிடிக்கச் சொல்லி ஒரு பெண்ணிடம் வந்து நின்றார்கள். இதைச் சொன்னபோது செயலருக்குப் புரியவே இல்லை. "அது வேற, இது வேற மக்களே" என்றார்.

போகும்போது ஆயர் ஜெபம் செய்தார். பாதிக்கப்பட்ட இரண்டு குடும்பங்களுக்காகவும் என்றார். நான் ஆமென் சொல்லவில்லை. சாத்துக்குடியை மட்டும் பிழிந்து குடித்தேன், அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலத்துக்குத் தேதி வந்தது. சரியாக அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை. செயலருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டால் கர்த்தர் வெளிப்படுத்தினார் என்பார். நான் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கை குடுத்தா கேஸ் போயிடாது. ஆனா உங்க சபையில நேரலை ஓடுமா?" என்றாள்.

ஓடும். கொரோனாவில் ஆரம்பித்தது அதுவும். கும்பிடு மாதிரியே அதுவும் நிலைத்துவிட்டது.

"அப்ப அந்த வீடியோவ பின்னாடி விசாரணையில அவரோட வக்கீல் போட்டுக் காட்டுவாரு. இவ்ளோ கொடுமை பண்ணாருன்னு சொல்றீங்களே, கையைப் பிடிச்சுச் சிரிச்சிருக்கீங்களேம்மான்னு கேப்பாரு. அதுக்குப் பதில் சொல்ல அவங்க தயாரா இருந்தா குடுக்கட்டும். போக வேணாம்னா போக வேணாம். அவங்களையே முடிவு பண்ணச் சொல்லுங்க."

அவளையே முடிவு பண்ணச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. சனிக்கிழமை சேக்காட்டுக்குப் போனபோது அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துரலாமான்னு இருக்குக்கா" என்றாள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். அந்த ஆளைப் பற்றி, கமிட்டியைப் பற்றி, அம்மாவைப் பற்றி, பொதுவாகச் சமுதாயத்தைப் பற்றி. அவள் துணிகளை மடித்து முடிக்கும்வரை கேட்டாள்.

"உனக்குக் கோபம் வருது. எனக்குப் பாடணும் போல இருக்கு. பாடி எவ்ளோ நாளாச்சு. பாட்டு ஒண்ணும் அவரோடது இல்லையே, என்னை ஏன் எல்லாரும் அதை விட்டுட்டு வரச் சொல்றீங்க?" என்றாள். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அவளிடமிருந்து அந்த ஆள் என்னவெல்லாம் எடுத்துக்கொண்டார் என்று கணக்குப் போட்டவள், இதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். காலையில் கோயிலுக்குப் போவது மட்டும் நிச்சயம் என்றாள். திருவிருந்துக்கு ஒரு மாதம்கூடத் தவறினவள் இல்லை, அவருக்காகத் தவற மாட்டாளாம்.

ஞாயிறன்று நானும் போனேன். சபை நிரம்பி வழிந்தது. ஈஸ்டருக்கு மட்டும் வருகிற முகங்களெல்லாம் வந்திருந்தன. ஆவடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் திடீரென்று சமாதானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. எங்கள் பெஞ்சில் ஓரமாகத் தங்கை, அடுத்து அம்மா, அடுத்து நான். கேமராக்காரத் தம்பி எப்போதும் பீடத்தைப் பார்த்து நிற்பவன். அன்று எங்கள் பெஞ்சைப் பார்த்து நின்றான்.

செயலர் அறிவிப்பு வாசித்தார். முன்னோர்கள் நமக்குக் கொடுத்த கை கொடுக்கும் முறையை இன்று மீட்டெடுக்கிறோம் என்றார். யாரிடமிருந்து மீட்கிறார் என்று சொல்லவில்லை.

நேரம் வந்தது. கீபோர்டில் மெல்லிசை. மாஸ்டர் அங்கியோடு இறங்கி நடந்து வந்தார், நடைபாதையின் நடுவில், பக்கம் மாறி, பெண்கள் பக்கத்துக்கு. முகத்தில் இளக்கம், கண்ணில் நீர் தயாராக இருந்தது. என் தங்கையின் முன்னால் நின்று வலது கையை நீட்டினார்.

அவள் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் எப்போது பாட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கற்றிருந்தாள். புத்தகத்தை அவள் கீழே வைக்கவில்லை.

கீபோர்டுக்காரன் மெல்லிசையை இரண்டாவது முறை ஆரம்பித்தான். கை அப்படியே நீண்டிருந்தது. சபையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கமிட்டி இதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. மாஸ்டர் கையை மெதுவாக நகர்த்தி அம்மாவின் பக்கம் கொண்டுபோனார்.

"நீங்களாவது, அம்மா" என்றார்.

அம்மா எல்லோருக்கும் நல்லவள் என்று சொன்னேன். யார் கையை நீட்டினாலும் டீ டம்ளரை வைத்துவிடுகிறவள். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பக்கத்தில் புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்த மகளின் விரல்களைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். குளிரடிக்கிற மாதிரி. அறுபது வயதுக்கு மேல் என் அம்மா முதன்முறையாக ஒருவரைப் பகைத்துக்கொண்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் நீட்டிய கையோடு திரும்பி நடந்தார். எப்படி இறக்குவதென்று அவருக்கே தெரியவில்லை. அவர் போன பிறகு தங்கை புத்தகத்தை பெஞ்சில் வைத்தாள். அம்மாவின் முந்தானைக்குள் கையை விட்டு, வலது கையைத் தேடி எடுத்து, தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, இடது கையால் மூடினாள். முறைப்படி. அம்மா எனக்குக் கொடுத்தாள். நான் பின்னால் திரும்பி அடுத்த வரிசைக்குக் கொடுத்தேன். வாங்கினவர்களும் உண்டு, ஜன்னலைப் பார்த்தவர்களும் உண்டு. பாடகர் பெஞ்சில் ஆல்டோ வரிசையிலிருந்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் அதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.

தங்கை எழுந்து திருவிருந்துக்குப் போனாள். ஆயரின் கை அப்பத்தோடு ஒரு நொடி நின்றது. பிறகு கொடுத்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்ததே.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோவை நீக்கிவிட்டார்கள். அதற்குள் நான் அதை இறக்கி வக்கீலம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். அவள் திருப்பிக் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாள். "அணுகக் கூடாதுன்னு கோர்ட் நிபந்தனை போட்ட ஆளு, அங்கி போட்டுக்கிட்டு, மியூசிக்கோட நடந்து வந்து கை நீட்டுறாரு. நிபந்தனைய மீறுனாருன்னு நிரூபிக்க நான் சாட்சிக்கு அலைய வேண்டியிருக்குமேன்னு நினைச்சேன். உங்க சபையே கேமரா வெச்சுப் படம் புடிச்சுக் குடுத்துருச்சு. அவங்களுக்கு என் நன்றியச் சொல்லிருங்க" என்றாள். நான் சொல்லவில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை போடலாமா என்று மட்டும் யோசித்தேன்.

திங்கட்கிழமை காலை அம்மாவும் கிளம்பி நின்றாள், ஞாயிற்றுக்கிழமைப் புடவையில். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "கோர்ட்டாண்ட எறக்கி வுட்டா போதுமா, இல்ல வெயிட்டிங்கா? கல்யாணத்துக்குப் போற மாதிரி கீறீங்க, அதான் கேட்டேன்" என்றார். போதும் என்றோம். குமணன்சாவடியில் வழக்கம்போல எல்லா வண்டிகளும் எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் போகப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா வழி முழுக்கத் தங்கையின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே தங்கையை மட்டும் கூப்பிட்டார்கள். பெண் மாஜிஸ்திரேட். கதவு மூடியது. நாங்கள் வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவின் போன் அடித்தது. செயலர். கோர்ட் சத்தத்தில் கேட்காது என்று சத்தமாகப் பேசினார், அதனால் எனக்கும் கேட்டது. நேத்து ஏதோ தப்பாப் போச்சு, பரவாயில்ல, பாப்பா உள்ள போயிட்டாளா, போகலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, மாஸ்டர் நேத்துலருந்து சாப்பிடல, குடும்பமா இருந்தோம், இத்தனை வருஷப் பழக்கம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். "விடுங்கய்யா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பிறகு அதை அணைத்தே வைத்தாள்.

தங்கை வெளியே வர நெடுநேரம் ஆனது. முகம் வீங்கியிருந்தது. ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது, ஏதோ தூக்கிக்கொண்டு போனதை உள்ளே வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. நான் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டேன். என்ன கேட்டார்கள், அதட்டினார்களா, ஏன் லேட் என்றார்களா.

"ஒண்ணும் இல்லக்கா. சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள், "முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழக்கதோஷத்தில் நேரே சமையலறைக்குப் போய் அரிசி களைந்து குக்கரை ஏற்றினாள். தங்கை தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா குக்கருக்கு வெயிட் போடப் போனவள், போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, எனக்கும் சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றாள்.